ஐந்து முறை நின்றவர்

எனக்கு எழுபத்தாறு வயதாகிறது. பெற்றது நாலு, செத்துப்போன நாத்தனார் விட்டுச் சென்ற இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஆறு. இரண்டாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். எங்கள் எம்.எல்.ஏ. மறுபடியும் ஜெயித்ததற்கு நேற்று காலனி முனையில் வெடி வைத்தார்கள். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.

முதல் தேர்தலில் அவர் சைக்கிளில் வந்தார். எங்கள் மண் தரையில் உட்கார்ந்து கூழ் வாங்கிக் குடித்தார். எங்கள் ஜனத்துக்குச் சுடுகாடு உண்டு, பாதை கிடையாது. ஊர்த் தெரு வழியாக எங்கள் பிணம் போகக் கூடாது என்பது ஊர்க்காரர்கள் வைத்த கட்டுப்பாடு. நெல் வயலில் இறங்கித்தான் தூக்கிப் போக வேண்டும். "யக்கா, நான் ஜெயிச்சா மொதல் கையெழுத்து உங்க பாதைக்குதான்" என்றார். அந்த முறை டெபாசிட்டே போயிற்று. அடுத்த முறை கொஞ்ச ஓட்டில் தோற்றார். எங்கள் பெட்டியில் மட்டும் அவர்தான் முன்னால் என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் ஜெயித்தால் முடி இறக்குவதாகத் திருத்தணி முருகனுக்கு வேண்டிக்கொண்டேன். இடுப்பைத் தாண்டித் தொங்கிய முடி அது. சின்ன காஞ்சிபுரத்துச் சாயப்பட்டறையில் நான் வேலை பார்த்தபோது, நனைந்த பட்டு நூலைவிட என் பின்னல்தான் கனம் என்று கேலி பேசுவார்கள்.

மூன்றாவது முறை ஜெயித்தார். மொட்டைத் தலையோடு வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாமே, பெத்த புள்ளைக்கு ஜொரம் வந்தப்பகூட முடி குடுக்காதவ நீ. இத சாமிக்குக் குடுத்தியா, அவனுக்குக் குடுத்தியா?"

பாதை வரவில்லை. நாலாவது முறையும் ஒன்றும் கேட்காமல் அவருக்கே போட்டேன். முன்னைவிடப் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்த ஐப்பசி மழையில்தான் என் வீட்டுக்காரர் போனார். வயலில் முழங்கால் சேறு. முன்னால் தூக்கிய என் பெரியவன் வழுக்கினான். பாடை சாய்ந்து, அவர் முகம் சேற்றில் பட்டது. வரப்பில் நின்று பார்த்தேன். எம்.எல்.ஏ. காரை விட்டு இறங்காமல் டிரைவரிடம் மாலை கொடுத்து அனுப்பினார்.

ஐந்தாவது முறை ஓட்டுக் கேட்டு வந்தபோது கட்சியும் சின்னமும் மாறியிருந்தன. சின்னப் பெண்கள் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு போய், பாதை என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"நெலம் ஊர்த் தெருக்காரங்க வுடணும்க்கா. கேட்டா அவங்க ஓட்டு போயிடும். உங்க ஓட்டு எங்க போவப் போவுது?"

ஒளிக்கவில்லை. சொந்தக்காரியிடம் பேசுகிற மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அதில் என் பெரியவனும் ஒருவன்.

இந்த முறை நான் அவருக்குப் போடவில்லை. இருந்தும் ஜெயித்துவிட்டார். ஆனால் முன்பு ஜெயித்த இரண்டு முறையும் என் விரல் பட்டுத்தான் ஜெயித்தார். அவர் மேல் வருகிற அருவருப்பைக் காறித் துப்பிவிடலாம். இந்த விரலை என்ன செய்வது?

நான் செத்தால் என்னை வயலில் இறக்கக் கூடாது. ஊர்த் தெரு வழியாக, அதே தெருவில் இருக்கிற அந்த எம்.எல்.ஏ. வீட்டு வாசலைத் தாண்டித் தூக்கிப் போக வேண்டும். யாராவது மறித்தால் அங்கேயே இறக்கி வையுங்கள். எனக்கு அவசரமில்லை.

பேத்தி பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். பெரியவனின் மகள். தாளை அவளிடம் கொடுக்கிறேன்.

"படி கண்ணு. உங்கப்பன் உள்ளதான் இருக்கான், அவன் காதுல வுழற மாதிரி சத்தமா படி."