ஆத்துக்குக் கோபம் வருமா?

இன்னிக்குக் காலையில மேரு ஊர்ல நான் துணி துவைக்கப் போன டோபி கடையில ஒரு அக்கா, வெள்ளத்துல சேறு படிஞ்ச துணியை மெஷின்ல போட்டுட்டு உட்கார்ந்திருந்தாங்க.

பக்கத்துல இருந்த அண்ணன் ஆறுதலாத்தான் ஆரம்பிச்சார். "இயற்கை நம்ம தாய் மாதிரிக்கா. காட்டை அழிச்சோம்ல, அந்தக் கோபத்துல ஆறு பழிவாங்குது."

அக்கா நிமிர்ந்து பார்த்தாங்க.

"அப்படின்னா காட்டை வெட்டுன முதலாளி வீட்டுக்குத்தானே தம்பி தண்ணி போயிருக்கணும்? நடக்க முடியாம படுத்திருந்த எங்கம்மாகிட்ட அதுக்கு என்ன கோபம்?"

"அம்மா இப்போ எப்படி இருக்காங்க?"ன்னு அண்ணன் கேட்டார்.

"காப்பாத்த முடியல."

மெஷின் நின்னதும் அக்கா ஈரத் துணியை எடுத்துக் கூடையில போட்டாங்க.

ஆத்துக்கு நம்ம மேல கோபமும் இல்ல, பாசமும் இல்ல போல. இது புரிஞ்சும், அந்த அக்காகிட்ட சொல்ல எனக்கு ஒரு வார்த்தை கிடைக்கல.

உங்ககிட்ட இருந்தா சொல்லுங்க லா.