தொட்டி நிரம்பும்வரை ஜெபம்

பாளையங்கோட்டையில் என் ஜெபத்தை அளக்கும் உரிமை ஆண்டவருக்கு மட்டும் இருந்தது. பெங்களூரில் அது வீட்டுக்காரம்மாவுக்கும் உண்டு. ஊரில் இருப்பவர்கள் சிரிக்கலாம். பிரேசர் டவுனில் நாங்கள் மாடியில், கௌரம்மா கீழே. மாலை ஏழு மணிக்குக் குடும்ப ஜெபத்துக்கு நாங்கள் கீர்த்தனை எடுத்தால் அவர் காவிரித் தண்ணீரை மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றும் மோட்டாரைப் போடுவார். கடைசி ஆமெனுக்கு அணைப்பார். ஜெபம் சுருங்கினால் மறுநாள் குளிக்கத் தண்ணீர் இருக்காது. நீண்டால் தொட்டி வழிந்து கொடியில் காயும் துணியை நனைக்கும். "சார், நேத்து பிரார்த்தனை ஸ்வல்ப ஜாஸ்தி ஆயிடுச்சு" என்பார். எந்தப் போதகரும் என்னை இப்படிக் கண்டித்ததில்லை.

நீண்டதற்குக் காரணம் உண்டு. எனக்கு வங்கி வேலை. இங்கே மாற்றியபோது இரண்டு வருஷம் என்றார்கள், ஐந்தாவது நடக்கிறது. ஊருக்கு மாற்றல் வேண்டும் என்று தினமும் முழங்கால் போட்டுக் கேட்டேன். முதலில் பணிவாக, அப்புறம் காரணங்களோடு, கடைசியில் யூனியன் கூட்டத்தில் பேசுகிற குரலில். பதில் இல்லை. எங்கள் தலைமை அலுவலகமாவது 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு வரி போடும்.

இந்த வருஷ மாற்றலிலும் என் பெயர் வரவில்லை என்று தெரிந்த மாலை, வேலைநிறுத்தம் அறிவித்தேன். இனி ஜெபம் கிடையாது. மனைவி செல்வராணி சண்டைக்கு வருவாள் என்று பதில்கள் தயாரித்து வைத்திருந்தேன். "சரி, நீங்க இருங்க" என்றாள். உள்ளறைக்குப் போய், தனியாக, சத்தமில்லாமல் முழங்கால் போட்டாள். தயாரித்ததெல்லாம் வீண்.

ஊரில் இப்படி விட்டுவிட முடியாது. எங்கள் தெருவில் ஏழு மணிக்கு வீட்டுக்கு வீடு பாட்டு. நான் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு வேறெதையோ யோசித்த நாட்களிலும், பக்கத்து வீட்டு ட்ராயிங் வாத்தியாரின் கனத்த குரல் என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அதை என் விசுவாசம் என்று நம்பியிருந்தேன். அது தெருவுடையது என்று இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

மூன்றாம் நாள் காலை முகத்தில் சோப்பைப் போட்டுக்கொண்டு குழாயைத் திருகினால் காற்று வந்தது. கதவைத் தட்டும் சத்தம். கௌரம்மா.

"ஏன் சார், பாட்டே இல்ல? நான் மோட்டார் போடறதையே மறந்துபோறேன்."

கண்ணில் சோப்பு எரிய எரிய இறையியல் விளக்குவது கடினம். மாற்றல் வரவில்லை, அதனால் ஜெபத்தை விட்டுவிட்டேன் என்றேன். அவர் பரிதாபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். முகம் மலர்ந்துவிட்டது.

"ஹௌதா? வரலையா?" என்றவர் விஷயத்தைச் சொன்னார். மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துவிடக் கூடாது என்று வருஷா வருஷம் ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்துகிறாராம். ஐந்து வருஷமாக நான் மனுப் போட, என் காலடியிலேயே எதிர்மனு. அந்த வடை எங்களுக்கும் வரும், ருசித்துத் தின்றிருக்கிறேன்.

"காவிரி கலாட்டா அன்னிக்குக்கூட நீங்க நிறுத்தலையே சார். இப்போ எதுக்கு?"

அன்று கதவைத் தாழிட்டு, உதட்டுக்குள் பாடினோம். யாருக்கும் கேட்டிருக்காது என்றுதான் நினைத்திருந்தேன். கேட்டைப் பூட்டி, அதன் முன்னால் நாற்காலி போட்டு இருட்டிய பிறகும் உட்கார்ந்திருந்தவர் இவர். ஒரு பக்கெட் தண்ணீர் மட்டும் கேட்டேன்.

மாலை ஏழு மணிக்கு, எரிச்சலோடுதான், கீர்த்தனை எடுத்தேன். செல்வராணி பக்கத்தில் முழங்கால் போட்டாள். கீழே மோட்டார் உறுமியது. மாற்றல் வேண்டும், சீக்கிரம் வேண்டும் என்று வழக்கமான மனுவைச் சொன்னேன். இரண்டே வாக்கியத்தில் முடிந்துவிட்டது. அதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. தொட்டியோ பாதிகூட நிரம்பியிருக்காது. ஆமென் சொல்லாமல், ஊர் இருக்கும் திசைக்கு முகத்தை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு அப்படியே இருந்தேன். தலைக்கு மேலே காவிரி மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.