பூ மாதிரி தூக்கி வந்த குழாய்

எண்ணி முடித்த பிறகும் அந்த ரத்தப் பரிசோதனைக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

"மேல நிக்கிற தண்ணி மஞ்சளா இருக்கணும். இது ரோஸா இருக்கு. யாரு குலுக்கினது?"

வார்டு உதவியாளர் வாசலைத் தாண்டவில்லை. "பூ மாதிரி தூக்கிட்டு வந்தேன்க்கா."

"உங்க பூ எனக்குத் தெரியாதா? போன வாரம் படியில ஓடினது யாரு?"

இவள் என் ஒன்றுவிட்ட தங்கையின் மகள். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை வேலை. குடும்பத்தில் 'போலீஸ்' என்றுதான் பெயர். அவள் அப்பா பூட்டிய பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பவர். அங்கிருந்து வந்த குணம். எங்கள் பக்கத்தில் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிடுவோம். இவள் சுவர்க் கடிகாரத்தைக்கூட நம்பமாட்டாள். அதிரும் என்று, ரத்தத்தோடு லிஃப்டில் ஏறவேமாட்டாள்.

குழாயில் இருந்தது என் தம்பியின் ரத்தம். ரத்தப் புற்றுநோய்க்கு வைத்தியம் முடிந்து இரண்டு வருடமாகிறது. நோய் திரும்புகிறதா என்று பார்த்ததில், எண்ணிக்கை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

"எதம்மா எண்ணுற?" என்றேன்.

"கெட்ட செல்லு சும்மா கிடக்காது பெரிய மாமா. தன் உடம்பையே பொடிப்பொடிப் பையா கிள்ளி ரத்தத்துல விடும். அந்தப் பை எலும்புக்குள்ள போயி, நல்ல செல்லையும் தன் பக்கம் இழுத்துக்கும். அதைத்தான் எண்ணுறேன். குழாயைக் குலுக்கினா நல்ல செல்லும் உடைஞ்சு பை விடும். அப்புறம் எது யாரோடதுன்னு எப்படிச் சொல்றது?"

என்னைத் தேற்றத்தான் சொல்கிறாளோ என்று எனக்கே சந்தேகம். அவள் நேரே தம்பியின் கட்டிலுக்குப் போனாள்.

"சின்ன மாமா, குழாயைத் தொட்டீங்களா?"

அவன் விழித்தான். "அடியில தங்கிடுமேன்னு, மருந்து பாட்டில் மாதிரி நாலு குலுக்கு குலுக்கிக் கொடுத்தேன். உனக்கு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு."

"நல்ல ஒத்தாசை! எங்களுக்குப் பாதி உயிர் போச்சு."

"இப்பவாவது என் பூவை நம்புறீங்களாக்கா?" என்றார் பின்னாலேயே வந்த உதவியாளர்.

அவள் யாரையும் கூப்பிடாமல் தானே மறுபடி ரத்தம் எடுத்து, குழாயை நிமிர்த்திப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

மறுநாள் மத்தியானம் வந்தாள். "கம்மிதான். வைத்தியம் முடிஞ்சப்ப இருந்த அளவுதான்."

தம்பி என் தோளில் சாய்ந்து, சிரிப்பும் அழுகையுமாகக் குலுங்கினான். அவள் முகம் அசையவில்லை. சட்டைப் பையிலிருந்து ரப்பர் பட்டையை எடுத்து அவனுடைய மறு கையில் கட்டி, மூன்றாம் தரம் ரத்தம் எடுக்க நரம்பைத் தட்டத் தொடங்கினாள்.