கோட்டிங்குக்கு முன் தேங்காய் எண்ணெய்

எண்பதுகளில் கிள்ளானில் ஒரு ரப்பர் தொழிற்சாலையில் நான் கியூசி, அதாவது தரச் சோதனை பார்த்தேன். கார் கதவுக் கண்ணாடி ஏறி இறங்கும் இடத்தில் ரப்பர் சீல் இருக்குமே, அதன்மேல் வழுக்கும் கோட்டிங் ஸ்ப்ரே செய்து ஓவனில் சுடுவது எங்கள் செக்‌ஷன். கோட்டிங் ஒட்டாவிட்டால் கண்ணாடி கீச்சிடும், ரப்பரும் சீக்கிரம் தேயும்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் கார் கம்பெனியின் மலாய் இன்ஜினியர் என்சிக் ரஹீம் சாம்பிள் பார்க்க வந்தார். மேனேஜர் தேவராஜ் முன்பே மிரட்டியிருந்தார்: “பாஸ் ஆகலன்னா செக்‌ஷன மூடிருவேன் லா. எல்லாரும் மோல்டிங் சைடுக்குப் போயி வேகுங்க.”

காலையில் சுட்ட சீலில் டேப் ஒட்டி இழுத்துப் பார்த்தேன். கோட்டிங் டேப்போடு உரிந்து வந்தது. ஃபோர்மேன் முனுசாமி அண்ணனிடம் ஓடினேன்.

“அண்ணே, பூஜைக்கு என்ன செஞ்சீங்க?”

“சீல் அடுக்குற ராக், டிரே எல்லாம் தேங்காண்ணெ போட்டுத் தொடச்சேன். புதுசு மாதிரி இல்ல?”

“அந்த எண்ணெ சீல்ல ஏறிருச்சு. அதுமேல கோட்டிங் எப்படிண்ணே ஒட்டும்?”

அவர் முகம் வாடியது. “சந்தனம், குங்குமம் வெச்சிருக்கேன். அதையுமா தொடைக்கச் சொல்ற?”

“முருகன் பொறுத்துக்குவாரு. மேனேஜர் பொறுத்துக்க மாட்டாரு.”

அண்ணன் முருகனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே, எண்ணெயைக் கரைக்கும் தின்னர் போட்டுத் துடைத்தார். நான் ரஹீமை கேன்டீனுக்கு அழைத்துப் போய், பூஜைப் பொரிகடலையைத் தட்டில் குவித்தேன். “சேடாப்!” என்று மலாயில் ருசியைப் புகழ்ந்து இன்னொரு தட்டு கேட்டார். அந்த மனிதரின் பசிக்கு நான் இன்றும் நன்றியுள்ளவன்.

அதற்குள் புது சீல்கள் ஓவனிலிருந்து வந்தன. டேப் சுத்தமாக வந்தது. சோதனைச் சட்டத்தில் கண்ணாடி சத்தமில்லாமல் ஏறி இறங்கியது. ரஹீம் கையெழுத்துப் போட்டார். செக்‌ஷன் பிழைத்தது.

அடுத்த வாரம் அண்ணன் பத்துமலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். “சாமி சந்தனத்தத் தின்னர்ல தொடச்சிருக்கேன். சும்மா விடுவாரா?”

அன்றிலிருந்து ரிஜெக்ட் பாதியாகக் குறைந்தது. “பாத்தியா, முருகன் கருணைய!” என்றார். அதுவரை அண்ணன் வழிய வழிய எண்ணெய் தடவிய தலையைக் கோதிய கையோடுதான் சீலையும் எடுப்பார். ரிஜெக்ட் குறையும்போது காரணம் பேசி வாதாடக்கூடாது என்பதுதான் நான் சர்வீஸில் கற்ற பாடம்.

முடி மறுபடி வளர்ந்து, சீப்பு அவர் பாக்கெட்டுக்குத் திரும்பிய அன்று மட்டும் மெதுவாகக் கேட்டேன்:

“அண்ணே, முருகனுக்கு வேற வேண்டுதல் ஏதும் பாக்கி இருக்கா?”