பாண்டிச்செல்வி கேட்ட ஒரு வரி

திருப்பரங்குன்றத்தில் பேருந்துக்கு நின்றிருந்தபோது கைப்பேசியில், கணினி வழிகாட்டி எழுதும் நம் குழுவில் அந்தச் செய்தி வந்தது. பாண்டிச்செல்வி இறந்துவிட்டார். மாரடைப்பாம். பின்னாலேயே கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. அனுப்பியவர்களில் பாதிப் பேர், உயிரோடு இருந்தவரை அவரைப் பேசவே விடாதவர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கணினியின் அடியாழத்தில் இருந்து எல்லாவற்றையும் ஓட்டுவது கர்னல். அதற்கு நிரல் எழுதப் புதிதாக வருபவர்களுக்காக நாம் தமிழில் ஒரு வழிகாட்டியை இணையத்தில் போட்டோம். அதைச் சரிபார்க்கப் பாண்டிச்செல்விக்கு ஒரு முறை இருந்தது. அந்தப் பக்கம் தலைவைத்தே படுக்காத யாரையாவது பிடித்து உட்காரவைத்து, வழிகாட்டியைத் திறந்து கொடுப்பார். தான் வாயைத் திறக்க மாட்டார். அவர்கள் திணறினால், “என்னயப் பாக்காதீங்க. நீங்க முழிக்கிற எடத்துல நாங்க எழுதுனதுதான் கோளாறு” என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவியை அப்படி உட்காரவைத்து அழவே வைத்துவிட்டார். மூன்றாம் பாடம் ஓரளவு புரியும்படி ஆனது அதற்குப் பிறகுதான்.

முதல் பக்கத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: ‘இந்தப் பயிற்சியை உங்கள் சொந்தக் கணினியில் நேரடியாகச் செய்யாதீர்கள், அதற்குள் மென்பொருளாலேயே ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்கி அதில் செய்யுங்கள்; கெட்டாலும் அது மட்டுமே கெடும்.’ கூட்டத்தில் சிரித்தார்கள்.

“இதுகூடத் தெரியாதவன் எதுக்கு கர்னல் பக்கம் வாரான்?” என்றார் ஒருவர்.

“தெரியாதவங்களுக்குத்தானண்ணே எழுதுறோம்!” என்றார் பாண்டிச்செல்வி. கூட்டம் அடுத்த பேச்சுக்குப் போனது. வரியும் சேரவில்லை.

பிறகு உசிலம்பட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒருவர், நம் வழிகாட்டியைப் பார்த்துத் தானே ஒரு கர்னலை உருவாக்கி, கடைக் கணினியிலேயே நிறுவிவிட்டார். அதோடு அது படுத்துவிட்டது. அதைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, மதுரையில் நானும் பாண்டிச்செல்வியும் வேலை பார்த்த அலுவலகத்துக்கு வந்தார். பாண்டிச்செல்வி மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு அதை மீட்டுக் கொடுத்தார்.

“என் தப்புதானக்கா?”

“இல்லண்ணே, எங்க தப்பு.”

“நமக்கு இது ஆகாதுக்கா. ஜெராக்ஸே போதும், வாரேன்” என்று கிளம்பியவர் அப்புறம் வரவே இல்லை. நடந்ததை எல்லோருக்கும் சொன்னோம். அப்போதும் யாரும் அசையவில்லை.

இப்போது முதல் பக்கத்தின் தலையில் பாண்டிச்செல்வியின் படம், மாலையோடு. கீழே ‘புதியவர்களின் தோழி’ என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வரி இன்றும் இல்லை. கேட்டால், “துக்கத்துல போய் இதையா பேசுறது அண்ணே?” என்கிறார்கள்.

பேசத்தான் போகிறேன். பாண்டிச்செல்வியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய பிடிவாதத்தைத்தான். படத்தை எடுங்கள். அந்த இடத்தில் அவர் கேட்ட வரியைப் போடுங்கள்.