ஐந்தாம் சுற்றில் இரண்டு தட்டு

ராஜபாயிடம் போய், அவர் வாசிப்பதில் தப்பு இருக்கிறது என்று சொல்வதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். வினீத்துக்குத் துணிச்சல் இருந்தது, விவரம்தான் போதவில்லை. சாஸ்தமங்கலத்தில் ஒரு கலைக்கூடம் நடத்துகிற முப்பது வயதுக்காரர். மரியாதையான ஆள்தான். அதற்காக அன்றைக்கு எனக்கு வந்த எரிச்சலை இல்லையென்று சொல்லமாட்டேன்.

நான் அழகியநம்பி, ஸ்ரீவராகத்துக்காரன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ராஜபாய் எனக்குப் பக்கத்து சீட். பாறசாலைக்காரி, இப்போது நேமத்தில் வீடு, வயது அறுபத்துநாலு. சனிக்கிழமை நாலு மணிக்கு அந்த வீட்டு முன்னறையில் நாங்கள் நாலு பேர் கூடுவோம். ராஜபாய் பாஞ்சோ வாசிப்பார். அது அமெரிக்காக்காரர்களுடைய வாத்தியம். வட்டமாகத் தோல் கட்டி, ஐந்து கம்பி போட்டது, அதில் ஒரு கம்பி பாதியில் நின்றுவிடும். நான் வயலின். கல்லூரி வாத்தியார் அனூப் கிடார். நர்ஸ் வேலை பார்க்கிற ஷைலஜா மாண்டலின். அமெரிக்காவின் மலைப்பக்கத்து ஜனங்கள் அடுக்களையிலும் முற்றத்திலும் வாசித்துவந்த பழைய மெட்டுகளை வாசிப்போம். பாஞ்சோ வந்த பிறகு கேசட்டில் கேட்டும் கம்ப்யூட்டரில் கேட்டும் நாற்பது மெட்டு சேர்த்திருக்கிறோம்.

அந்த வாசிப்புக்கு ஒரு முறை உண்டு. எல்லோரும் வட்டமாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்கார வேண்டும். கேட்க வருகிறவர்களுக்கு எங்கள் முதுகுதான் தெரியும். ஒரே மெட்டைச் சுற்றிச் சுற்றி எல்லோரும் சேர்ந்தே வாசிக்க வேண்டும், தனி ஆவர்த்தனம் எல்லாம் கிடையாது. போதும் என்று தோன்றுகிறவர் ஒரு காலைத் தூக்குவார். அதுதான் கடைசிச் சுற்று என்று எல்லோருக்கும் சேதி. ராஜபாய் அப்படித் தூக்கியதை முதல் தடவை பார்த்த என் மனைவி, "ஆம்பிளைகளுக்கு நேரே இப்படிக் காலை நீட்டறாளே" என்று வீடு வரைக்கும் புலம்பிக்கொண்டு வந்தாள்.

வினீத்தின் கலைக்கூடத்தில் ஒரு விழா. அமெரிக்காவிலிருந்து ஹன்னா என்று ஒரு வயலின்காரப் பெண் வருகிறாள். அவளோடு எங்களையும் மேடையில் உட்கார வைத்து ஐந்து மெட்டு வாசிக்கச் சொன்னார் வினீத். கடைசி மெட்டுக்குப் பதினாறு பேர் ஜோடி சேர்ந்து ஆடுவார்கள். எல்லாம் பேசி முடிந்தது. எங்கள் வாசிப்பைப் பதிவு செய்துகொண்டு போனவர், அடுத்த சனிக்கிழமை திரும்பி வந்தார்.

"ஆன்ட்டி, ஒண்ணும் நெனைக்கக்கூடாது கேட்டோ. கடைசிப் பாட்டுல, அஞ்சாவது ரவுண்டு பாதியில ரெண்டு பீட் சும்மா நிக்குது. நெட்ல இருபது வெர்ஷன் கேட்டுப் பார்த்தேன். ஒண்ணுலகூட அது இல்ல."

"பின்னே?"

"டான்ஸ் ஆடறவங்களுக்குக் கால் தெற்றும். அதை எடுத்துடலாம். இல்லன்னா அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் ஆன்ட்டி ரெஸ்ட் எடுத்துக்கலாம். ஹன்னா வாசிக்கும்."

ராஜபாய் பாஞ்சோவை மடியிலிருந்து இறக்கவில்லை. "எனக்க பாட்டுக்கு நான் ரெஸ்ட் எடுக்கணுமாக்கும்? நீ சாயாவ குடிச்சிட்டு எறங்கு மக்களே" என்றார்.

வினீத் சாயாவைக் குடித்துவிட்டு இறங்கினார். ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

மற்ற மெட்டு எதை எடுத்தாலும் ராஜபாய் இப்படிச் சீறியிருக்கமாட்டார். இந்த ஒன்றுக்காக அவர் பட்டது எனக்குத் தெரியும். அவர் சொல்லமாட்டார், அதனால் நான் சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு. வெளிநாட்டுக்குப் பேசவேண்டுமென்றால் எங்களிடம் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டிய காலம். மீன்பிடி வலைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்திருந்த ரூத் என்ற அமெரிக்கப் பெண், மாதத்தின் முதல் ஞாயிறு சாயங்காலம் ஆறரை மணிக்குத் தன் வீட்டுக்கு டிரங்க் கால் போடுவாள். அங்கே அது காலை நேரம். அந்த அழைப்பு ராஜபாய் சீட்டில் விழும். அந்தப் பக்கத்தில் அவளுடைய அப்பா ஃபோனை எடுத்ததும் ஹலோகூடச் சொல்லமாட்டார். பாஞ்சோ வாசிப்பார். அதுதான் அந்த வீட்டில் மகளுக்கு நலம் விசாரிக்கிற விதம். ஐந்து சுற்று, ஒவ்வொரு மாதமும் ஒரே மெட்டு, கடிகாரம் தோற்கும்படி ஒரே வேகம். முடிந்ததும், "குட் மார்னிங், ஆபரேட்டர்" என்பார். அதற்குப் பிறகு மகளும் அம்மாவும் பேசுவார்கள்.

ஆபரேட்டர் லைன் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பேச்சைத் தன் காதில் விழவைக்கிற சாவியை மூடிவிட வேண்டும். ராஜபாய் மூடவில்லை. அந்த ஐந்து சுற்றும் கேட்பார். பேச்சு ஆரம்பித்ததும் மூடிவிடுவார். கர்த்தர் அறிய ஒரு வார்த்தை கேட்டதில்லை என்பார், நானும் நம்புகிறேன். அந்த "குட் மார்னிங்"குக்குப் பதில் சொல்லவும் அவருக்கு வழியில்லை. வேலை விஷயம் தவிர லைனில் வாய் திறக்கக்கூடாது. சூப்பர்வைசர் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டே இருப்பார். "ஒரு மனுசன் நம்மள மதிச்சு வணக்கம் சொல்லுகாரு, நான் ஊமை கணக்கா இருக்கேன் நம்பி" என்று கேன்டீனில் பொருமுவார்.

பதினான்காவது மாதம் சூப்பர்வைசர் பிடித்துவிட்டார். சாவி திறந்திருக்கிறது, மேசைமேல் விரல் தாளம் போடுகிறது. ஒட்டுக்கேட்டதாகக் குற்றப்பத்திரிகை வந்தது. விசாரணையில் என்னையும் கூப்பிட்டார்கள். பக்கத்து சீட்டில் நடந்தது எனக்குத் தெரியாதா என்று கேட்டார்கள். எனக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று சொல்லிவிட்டேன். டெலிபோன் ஆபரேட்டர் சொல்கிற பதிலா அது? விசாரணை அதிகாரி சிரிக்கவில்லை.

மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் கண்டிப்போடு விட்டுவிடுகிறோம் என்றார்கள். ராஜபாய் ஒரே வரி எழுதினார்: "நான் பேச்சைக் கேட்கவில்லை, பாட்டைக் கேட்டேன்." கிழித்துவிட்டு வேறே எழுதச் சொன்னார்கள். அதே வரியை எழுதினார். மூன்றாம் தடவையும் அதையே எழுதினார். நெடுமங்காட்டுக்கு மாற்றல் வந்தது. பாறசாலையிலிருந்து பஸ் பிடித்து, கிழக்கேகோட்டையில் இறங்கி, அடுத்த பஸ் ஏறி இரண்டு வருடம் போய்வந்தார். கல்யாணமாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. வயிற்றில் பிள்ளை.

புகார் கொடுக்கச் சொல்லி ரூத்தையும் கேட்டிருக்கிறார்கள். லைன் நன்றாக இருந்தது, ஆபரேட்டர் நன்றாக இருந்தார், எனக்குப் புகார் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு அவள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தாள். ஒரு வருடம் கழித்து ராஜபாய் பேருக்குக் கப்பலில் ஒரு பார்சல் வந்தது. உள்ளே பாஞ்சோ. நடந்ததைக் கேட்டு அப்பா அனுப்பச் சொன்னார் என்றும், வட்டமாக உட்காருவது, காலைத் தூக்குவது எல்லாம் எப்படி என்றும் ஒரு கடிதம். சொல்லித்தர ஆள் கிடையாது. பதினான்கு தடவை கேட்டதை மனதில் வைத்துக்கொண்டு ராஜபாய் தன் கையாலேயே அந்த மெட்டைத் தேடிப் பிடித்தார். மூன்று வருடம் ஆயிற்று. கணவர் யோசுவா முதலில் தகர டப்பா என்று கேலி செய்தார். கம்பியை முறுக்குகிற ஆணி ஒன்று உடைந்தபோது, அவரே பலாக்கட்டையில் செதுக்கிக் கொடுத்தார்.

இப்படி வந்த பாட்டுக்குத்தான் வினீத் ரெஸ்ட் எடுக்கச் சொன்னார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, வினீத் ஃபோனில் அனுப்பியிருந்த அந்த இருபது பதிவையும் கேட்டேன். அந்த ஆள் சொன்னது நிஜம். எதிலும் நிறுத்தம் இல்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. வயலினை எடுத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ராஜபாயின் வேகத்தில் வாசித்தேன். ஐந்தாம் சுற்றின் நடுவில், அந்த இரண்டு தட்டு நிற்கிற இடத்தில் முள்ளைப் பார்த்தேன். சரியாக மூன்று நிமிடம். வில்லைக் கீழே வைத்தேன்.

அந்தக் காலத்தில் மூன்று நிமிடம் ஆனால் லைனில் 'பிப் பிப்' என்று இரண்டு சத்தம் விழும். எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் லைனில் இருக்கிறார், நேரத்தைக் கணக்கு வைக்கிறார் என்று அர்த்தம். பேசுகிறவர்கள் திடுக்கிட்டு நிறுத்துவார்கள். ஆபரேட்டர்களுக்கு மட்டும் அது கேட்காது. ஒரு நாளைக்கு இருநூறு தடவை விழுகிற சத்தத்தைக் காது தானாகவே தள்ளிவிடும். அந்தப் பெரியவர் பிப் சத்தத்துக்காகக் கையை நிறுத்தியிருக்கிறார். ராஜபாய் காதில் பிப் விழவில்லை, நிறுத்தம் மட்டும் விழுந்திருக்கிறது. அதையும் மெட்டு என்றே படித்துவிட்டார். நானும் அதே வேலை பார்த்தவன், முப்பது வருடமாகக் கூடவே நிறுத்தி நிறுத்தி வாசித்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் நேமத்துக்குப் போய்ச் சொன்னேன்.

"ராஜபாய், அது பாட்டு இல்ல. பிப் சத்தமாக்கும்."

அவர் மீன் கழுவிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மேசைமேல் விரலால் அந்த மெட்டைத் தட்டிக்கொண்டே போய், நடுவில் நிறுத்தினார். எனக்குப் பயமாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"அப்பம் அந்த மனுசன் என்னத்துக்கு நிறுத்தினாரு?" என்றார்.

"லைன்ல ஆள் இருக்குன்னு அந்தச் சத்தம் சொல்லும் இல்லையா? அதுக்காக இருக்கும்."

"லைன்ல இருந்தது ஆரு?"

"நீங்கதான்."

"அப்பம் எனக்காக நின்னிருக்காரு." அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்த இருவது பேரும் நல்லா வாசிக்கட்டு. அவங்க பாட்டுல நான் இல்ல. எனக்க பாட்டுல அந்த ரெண்டு தட்டுல நான் இருக்கேன். அத வெட்டிக்களைய நான் என்ன கிறுக்கியா?"

வினீத்திடம் நானே போய் விளக்கினேன். அவர் முகம் மலர்ந்தது. "அப்போ தப்புன்னு ப்ரூவ் ஆயாச்சு இல்லே அங்கிள்? ஹன்னாவே வாசிக்கட்டும்." எனக்கு வந்த கோபத்துக்கு அவர் கையிலிருந்த ஐபேடைப் பிடுங்கி எறிந்திருப்பேன். வயசான மனுஷன், படியிறங்கி வந்துவிட்டேன்.

ஒத்திகை அன்றைக்கு வினீத் ஒலிபெருக்கிக்காரரோடு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார். ராஜபாய் அந்த நேரம் பார்த்து ஹாலுக்குள் போனார். ஆடவந்த பதினாறு பேரும் இருபது வயதுக்காரர்கள். அவர்களைச் சுற்றி நிறுத்தி, பழைய ஆபரேட்டர் குரலில் சொன்னார்: "அஞ்சாவது சுத்துல நான் கால தூக்குவேன். பாதியில பாட்டு நிக்கும். நீங்களும் ரெண்டு தட்டு அப்படியே நில்லுங்க மக்களே. லைன்ல ஆள் இருக்கு." என்ன ஆள் என்று ஒருத்தி கேட்டாள். ராஜபாய் சொன்னார். பத்து நிமிடத்தில் பதினாறு பேருக்கும் பிடிபட்டுவிட்டது. ஒரு தடவைகூடக் கால் தெற்றவில்லை. மூலையில் வயலினுக்கு முறுக்கு ஏற்றிக்கொண்டிருந்த ஹன்னாவிடமும் போய் எக்ஸ்சேஞ்ச் இங்கிலீஷில் கதை முழுவதையும் சொன்னார். அவள் வில்லை மடியில் வைத்துவிட்டுக் கேட்டாள். "உங்கள் வட்டம், நீங்கள் காலைத் தூக்குங்கள்" என்று மட்டும் சொன்னாள். வினீத்திடம் யாரும் மூச்சு விடவில்லை.

விழா அன்று சாயங்காலம் ஏழு மணி. மேடையில் வட்டமாக உட்கார்ந்தோம். நான் மட்டும் மேடைத் தரையில் சப்பணமிட்டு, எனக்குத் தெரிந்தபடி வயலினைக் கணுக்காலில் ஊன்றிக்கொண்டு. நாலு மெட்டு முடிந்தது. ஐந்தாவதுக்கு ராஜபாய் எழுந்து போவார் என்று வினீத் ஓரத்தில் கையசைத்துக் காத்திருந்தார். ராஜபாய் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மைக்கைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, முதல் கம்பியைத் தட்டினார். ஹன்னா சேர்ந்தாள், நாங்களும் சேர்ந்தோம், பதினாறு பேரும் இறங்கி ஆடினார்கள்.

நாலு சுற்று போயிற்று. வெள்ளைச் சேலையைக் கணுக்காலுக்கு மேல் ஒரு விரற்கடை தூக்கிப் பிடித்துக்கொண்டு, ராஜபாய் முந்நூறு பேர் முன்னால் காலை நீட்டினார். முதல் பகுதி முடிந்தது. எல்லாக் கைகளும் நின்றன, பதினாறு பேரும் நின்றார்கள். வினீத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ராஜபாய் மைக்கிடம் குனிந்தார்.

"குட் மார்னிங், சார். திருவனந்தபுரம் எக்ஸ்சேஞ்ச். ராஜபாய் ஸ்பீக்கிங்."

இரண்டு தட்டுக்குள் இவ்வளவும் அடங்காது. அன்றைக்கு அது எட்டுத் தட்டு ஆயிற்று. அந்த எட்டுத் தட்டும் பதினாறு பேரும் தூக்கிய காலைக் கீழே வைக்காமல் ஒற்றைக்காலில் நின்றார்கள். யாரும் விழவில்லை. எனக்குக் கண் மறைத்தது. கம்பி எங்கே இருக்கிறதென்று தடவித்தான் வில்லை வைத்தேன், பாதிச் சுற்று இன்னும் பாக்கி இருந்தது.