தூக்குக் குண்டு வைத்து நிமிர்த்திய முள்

துபாய் விசா இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று ஏஜெண்டு இழுத்தடித்துக்கொண்டிருந்த காலம். விசாவை நம்பி, மன்னார்குடியில் பார்த்துக்கொண்டிருந்த கொத்தனார் வேலையையும் விட்டிருந்தேன். ஒரு நாளைக்கு நாலு தடவை எஸ்.டி.டி. பூத்துக்குப் போவேன். வீட்டில் உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் கை எதையாவது நோண்டும்.

தங்கை காலேஜ் ஏர் ரைபிளை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். மறுநாள் தஞ்சாவூரில் துப்பாக்கி சுடுவதற்கான மாவட்டத் தேர்வு. அதில் தேறி மாநிலப் போட்டிக்குப் போனால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போலீஸ் வேலைக்கு வழியுண்டு. வயல் வேலையையும் கொத்து வேலையையும் தவிர வேறு அறியாத எங்கள் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! துணியால் துடைத்து மட்டும் வைக்கச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

என் கை சும்மா இருந்ததா? குழல் நுனியில் வளையம்போல ஒரு துண்டு மாட்டியிருந்தது. அதன்மேல் நிற்கிற சின்ன முள்ளை வைத்துத்தான் குறி பார்ப்பார்கள். திருகைத் தளர்த்தினேன், துண்டு கையோடு வந்துவிட்டது. அவள் குளித்து வருவதற்குள் மாட்டிவிட வேண்டும். மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தளத்தில் பலகையைப் போட்டு, குழல் படுக்கையாக இருக்கும்படி துப்பாக்கியை நிறுத்தி, இரண்டு பக்கமும் செங்கல் முட்டுக் கொடுத்தேன். துண்டை மாட்டி, சுவருக்கு நேர் பார்க்கிற தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு, நூலுக்கு நேராக முள்ளை நிறுத்தித் திருகை முடுக்கினேன். கொத்தனாருக்குத் தெரியாத நேரா என்று ஒரு திமிர் வேறு.

மறுநாள் அவளோடு நானும் தஞ்சாவூர் போனேன். போட்டிக்கு முன்னால் பழகிப் பார்க்கச் சுட்ட குண்டெல்லாம் இடது பக்கமே விழுந்தன. அவள் எழுந்து என்னிடம் வந்தாள்.

"அண்ணே, நேத்து துப்பாக்கிய எதுவும் பண்ணுனியா?"

"இல்ல பாப்பா. தொடச்சேன், அவ்வளவுதான்."

திரும்பிப் போய், நிற்கிற விதத்தை மாற்றினாள், பிடியை மாற்றினாள், மூச்சை அடக்கினாள். போட்டிக் குண்டுகளும் இடதிலேயே விழுந்தன. தேறியவர்கள் பட்டியலில் அவள் பெயர் வரவில்லை. பஸ்ஸில் தன் வலது கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா அவளிடம், "என்ன பாப்பா, வாட்டமா இருக்க?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. வாட்டம்! எங்கள் தொழிலில் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம். மழைத்தண்ணீர் வடிய, தளத்தை ஒரு பக்கம் சரித்துப் போடுவதுதான் வாட்டம். அந்த மாடிக்கு வாட்டம் போட்டவனே நான்தான். தளம் சரிவு, பலகை சரிவு, துப்பாக்கியும் சரிவு. முள்ளை மட்டும் நூலுக்கு நேராக நிறுத்தியிருக்கிறேன், மடையன். அவள் துப்பாக்கியை நேராகப் பிடித்தால் முள் சாயாமல் என்ன செய்யும்?

அப்படியே நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தளத்தை, முள்ளை, வாட்டத்தை மறந்த என் புத்தியைத் திட்டிக்கொண்டே போனேன்.

"முள்ளு சாஞ்சது பரவால்லண்ணே," என்றாள். "நான் வந்து கேட்டப்ப சொல்லியிருந்தா, பின்னாடி குறிய நகத்துறதுக்குன்னே இருக்கிற திருக ரெண்டு சுத்து சுத்திச் சரி பண்ணியிருப்பேன்."